ஏட்டில் எழுதிய நிரல்கள்

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அன்றைய சோவியத் யூனியனில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்தன. ஒன்பதாம் வகுப்பில் நுழைந்த மாணவர்களுக்கு ஒரு புதிய பாடம் காத்திருந்தது. ‘தகவலியல், கணிப்பொறி நுட்பம் ஆகியவற்றின் அடிப்படைகள்’ என்பது அதன் பெயர். புத்தகம் இருந்தது. ஆசிரியர் இருந்தார். கரும்பலகையும் சாக்கட்டியும் இருந்தன. பெரும்பாலான பள்ளிகளில் ஒன்று மட்டும் இல்லை. அதுதான் கணிப்பொறி!

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவசரப்பட்டு விடை சொல்லிவிட வேண்டாம். பள்ளி மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கலாம் என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது, அது எந்தெந்த நாடுகளில் எப்படியெல்லாம் செயல்பட்டது என்பதைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்குத் திரும்புவோம்.

எல்லோருக்கும் ஒரு மொழி

கணிப்பொறிகள் தோன்றிய முதல் இருபது ஆண்டுகளில் அவற்றை நெருங்குவதே அரிது. நிரலை எழுதி, அட்டைகளில் துளையிட்டு, கணிப்பொறி அறையின் சாளரத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். விடை மறுநாள் கிடைக்கும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் விடைக்குப் பதில் பிழைச் செய்திதான் வரும். திருத்திக் கொடுத்துவிட்டு மீண்டும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்கள் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் இந்த நிலையை மாற்ற விரும்பினார்கள். அவர்களுடைய கல்லூரியில் பெரும்பான்மையோர் அறிவியல் மாணவர்கள் அல்லர். வரலாறு, இலக்கியம், பொருளாதாரம் முதலியன படிப்பவர்கள். நாளைக்கு நாட்டின் முடிவுகளை எடுக்கப் போகிறவர்கள் அவர்களே. கணிப்பொறி என்றால் என்ன என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

இதற்காக இருவரும் இரண்டு காரியங்கள் செய்தார்கள். ஒரே கணிப்பொறியின் நேரத்தைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று. எளிய ஆங்கிலச் சொற்களால் ஆன ‘பேசிக்’ என்ற நிரல்மொழி மற்றொன்று. 1964-ஆம் ஆண்டு மே முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அந்த மொழியில் எழுதிய நிரல்கள் முதன்முதலாக ஓடின. சில ஆண்டுகளுக்குள் அக்கம்பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளிலும் தட்டச்சுப் பொறி போன்ற கருவிகள் வைக்கப்பட்டு, தொலைபேசிக் கம்பி வழியாக டார்ட்மத் கணிப்பொறியோடு இணைக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் கேள்வியைத் தட்டினால், அடுத்த சில விநாடிகளில் விடை தாளில் அச்சாகி வந்தது.

ஆனால் அந்தத் தொலைபேசிக் கம்பி எல்லாப் பள்ளிகளுக்கும் போகவில்லை. 1968-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லேக்சைடு என்ற தனியார் பள்ளியின் தாய்மார் சங்கத்தினர் பழைய பொருள்களை விற்றுத் திரட்டிய பணத்தில் இப்படி ஒரு இணைப்பு வாங்கிக் கொடுத்தார்கள். அதில் பழகிய மாணவர்களில் இருவர் பில் கேட்ஸ், பால் ஆலன். பின்னாளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இவர்களே. அறிவுள்ள சிறுவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அந்தத் தாய்மார் சங்கம்தான் எல்லா ஊரிலும் இல்லை.

ஆமைக்குப் பாடம் சொல்லும் குழந்தை

டார்ட்மத் பேராசிரியர்கள் கணிப்பொறியை மாணவனுக்கு அருகில் கொண்டு வந்தார்கள். அதை வைத்துக்கொண்டு மாணவன் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் புதுமையான விடை சொன்னவர் செமூர் பாப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர் இவர். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த ழான் பியாஜேயிடம் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். 1967-இல் இவரும் சிந்தியா சாலமன், வாலி ஃபோர்ஸிக் ஆகியோரும் சேர்ந்து ‘லோகோ’ என்ற மொழியை உருவாக்கினார்கள்.

லோகோவின் புகழ்பெற்ற பாத்திரம் ஓர் ஆமை. முதலில் அது தரையில் ஊரும் சிறிய இயந்திரம். பிறகு திரையில் நகரும் வடிவம். ‘50 அடி முன்னே போ, 90 பாகை வலப்புறம் திரும்பு’ என்று நான்கு முறை கட்டளையிட்டால் அது ஒரு சதுரம் வரைந்துவிடும்.

இப்போது ஒரு சமபக்க முக்கோணம் வரையச் சொல்லுங்கள், பார்ப்போம். முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை. ஆகவே ‘முன்னே போ, 60 பாகை திரும்பு’ என்று மூன்று முறை சொன்னால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். சொல்லிப் பாருங்கள். முக்கோணம் மூடாது! அதையே ஆறு முறை சொன்னால் ஓர் அறுகோணம் வந்து நிற்கும். ஏன்? எழுந்து நின்று நீங்களே ஆமையாக நடந்து பாருங்கள். ஒரு மூலையை அடைந்ததும் நீங்கள் திரும்ப வேண்டியது உட்கோணமான 60 பாகை அல்ல, வெளிக்கோணமான 120 பாகை. புத்தகத்தில் படித்த வெளிக்கோணம் இப்போது உங்கள் காலுக்குத் தெரிந்துவிட்டது.

பாப்பர்ட் சொன்ன கருத்து இதுதான். கணிப்பொறி குழந்தைக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை; குழந்தைதான் கணிப்பொறிக்குப் பாடம் நடத்த வேண்டும். மற்றொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பது விளங்குகிறது. பிழையைப் பற்றியும் அவர் ஒரு புதிய பார்வையைத் தந்தார். பள்ளித் தேர்வில் பிழை என்றால் சிவப்பு மை; மதிப்பெண் போயிற்று. நிரலில் பிழை என்றால் தேடிக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டிய ஒரு புதிர். அதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

இரண்டாவது எழுத்தறிவு

இனி சோவியத் வகுப்பறைக்குத் திரும்புவோம். அந்தப் பாடத்தின் பின்னால் இருந்தவர் ஆந்திரேய் பெத்ரோவிச் எர்ஷோவ். 1931-இல் மாஸ்கோவில் பிறந்தவர். சோவியத் கணிப்பொறிகளுக்கான மொழிபெயர்ப்பு நிரல்களை முதன்முதலில் எழுதியவர்களுள் ஒருவர். பிறகு சைபீரியாவில் நவசிபிர்ஸ்க் நகரை ஒட்டிய அறிவியல் குடியிருப்பில் பணியாற்றினார். அங்கே அவரும் இளைஞர் கென்னடி ஸ்வெனிகோரோத்ஸ்கி முதலிய துணைவர்களும் பள்ளிச் சிறுவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுத் தந்தார்கள். 1976 முதல் கோடைப் பள்ளிகளும் நடத்தினார்கள். தொலைவில் இருந்த மாணவர்களுக்காக 1979-இல் ‘குவாண்ட்’ என்ற அறிவியல் மாத இதழில் நிரல் எழுதும் பாடங்கள் வெளிவந்தன.

1981-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், கல்வியில் கணிப்பொறி பற்றிய உலக மாநாடு கூடியது. அங்கே எர்ஷோவ் ஆற்றிய உரையின் தலைப்பு ‘நிரலாக்கம்: இரண்டாவது எழுத்தறிவு’. அச்சு இயந்திரம் வந்தபின் எழுத்தறிவு ஒரு சிலரின் தொழிலாக இல்லாமல் எல்லோருக்கும் வேண்டியதாயிற்று. கணிப்பொறி வந்தபின் நிரல் எழுதும் அறிவும் அப்படியே ஆகும் என்பது அவர் வாதம். அவர் கருத்தில் நிரல் என்பது இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு வேலையைத் தொடங்கும் முன் அதன் படிகளை வரிசைப்படுத்தி, என்னென்ன நேரலாம் என்று முன்கூட்டியே எண்ணி, முடிவு வரை திட்டமிடும் பழக்கமே அதன் உயிர்.

உரை கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. நான்கு ஆண்டுகளில் அதுவே ஆணையாகவும் வந்துவிட்டது. 1985 மார்ச் மாதம் சோவியத் அரசும் கட்சியும் வெளியிட்ட தீர்மானத்தின்படி, அந்த ஆண்டுப் பள்ளி திறக்கும்போதே நாடெங்கும் பாடம் தொடங்க வேண்டும். இடையில் இருந்தவை ஐந்தே மாதங்கள்! எர்ஷோவும் மனாஹோவும் பதிப்பாசிரியர்களாக இருந்து புத்தகத்தை முடித்தார்கள். கணித, இயற்பியல் ஆசிரியர்களுக்குக் கோடையில் குறுகிய காலப் பயிற்சி நடந்தது. ஆனால் பல பத்தாயிரம் பள்ளிகளுக்கு வேண்டிய கணிப்பொறிகளை அந்நாட்டுத் தொழிற்சாலைகளால் அத்தனை விரைவில் தர முடியவில்லை. சில பள்ளிகளுக்கு ஜப்பானிலிருந்து வரவழைத்த பொறிகள் கிடைத்தன. மற்றவற்றில் பாடம் ‘பொறியில்லா முறை’யில் நடந்தது.

குறிப்பேடே கணிப்பொறி

பொறியில்லாமல் எப்படி? எர்ஷோவ் குழுவினர் பள்ளிக்கென்று ஒரு ‘படிமுறை மொழி’யை வகுத்தார்கள். அதன் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இல்லை; மாணவர்கள் வீட்டில் பேசும் ருஷ்ய மொழியில் இருந்தன. ‘எனில்’, ‘இல்லையேல்’, ‘தொடக்கம்’, ‘முடிவு’ போன்ற சொற்களும் அவற்றின் சுருக்கங்களுமே அந்த மொழி.

அதே முறையில் நாம் ஒரு படிமுறையைத் தமிழில் எழுதிப் பார்ப்போமா? இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடிக்க கிரேக்க அறிஞர் யூக்ளிட் சொன்ன வழி இது.

தொடக்கம்
அ, இ இரண்டும் சமம் ஆகாத வரை திரும்பச் செய்க:
அ பெரிது எனில், அ-விலிருந்து இ-யைக் கழி
இல்லையேல், இ-யிலிருந்து அ-வைக் கழி
திரும்பச் செய்தல் முடிந்தது
அ-வின் மதிப்பே விடை
முடிவு

இனி நீங்களே கணிப்பொறி. குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வரைந்து, ‘அ’ என்றும் ‘இ’ என்றும் தலைப்பிடுங்கள். அ = 48, இ = 18 என்று தொடங்குங்கள். 48 பெரிது, 18-ஐக் கழித்தால் 30. இன்னும் 30 பெரிது, கழித்தால் 12. இப்போது 18 பெரிது. அதிலிருந்து 12-ஐக் கழித்தால் 6. மீண்டும் 12-லிருந்து 6 போனால் 6. இரண்டும் சமம். விடை 6. கட்டளைக்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல், சொந்த மூளையைத் தலையிட விடாமல் இதைச் செய்ய வேண்டும். சொல்வது எளிது, செய்யும்போதுதான் அருமை தெரியும்!

சரி, 48-க்கும் 0-க்கும் இதே படிமுறையை நடத்துங்கள். 48 பெரிது, 0-வைக் கழி, 48. இன்னும் 48 பெரிது, 0-வைக் கழி, 48. உங்கள் குறிப்பேடு தீர்ந்தாலும் இது முடியாது. முடிவில்லாத சுழலில் அகப்பட்டுக்கொண்டீர்கள். படிமுறையை எழுதியபோது ‘சுழியம் வந்தால் என்ன செய்வது?’ என்று யோசிக்கவில்லை அல்லவா? பெரிய பெரிய கணிப்பொறிகளை உறைந்து நிற்க வைக்கும் பிழைகளில் ஒரு வகை இதுவே. பென்சிலும் தாளும் கொண்டு அதைப் பிடித்துவிட்டீர்கள்.

சோவியத் மாணவர்கள் வேறொரு வழியும் கண்டார்கள். ‘எலெக்ட்ரோனிகா பி3-34’ என்ற கைக்கு அடக்கமான கால்குலேட்டரில் 98 கட்டளைகள் வரை பதிக்க முடியும். இளைஞர்களுக்கான ஒரு புகழ்பெற்ற தொழில்நுட்ப மாத இதழ் 1985-இல் ஒரு தொடர்கதை தொடங்கியது. நிலவிலிருந்து ‘கோன்-டிக்கி’ என்ற சிறு கலத்தில் பூமிக்குத் திரும்பும் இருவரின் கதை. கதையோடு கால்குலேட்டர் நிரல்களும் அச்சாயின. வாசகர் நிரலைப் பதித்து, எரிபொருளை அளந்து செலவிட்டு, கலத்தைத் தாமே செலுத்த வேண்டும். கணக்குத் தப்பினால் கலம் மோதி நொறுங்கும். திரையில்லை, படமில்லை, ஒளிரும் சில இலக்கங்கள்தாம். ஆயினும் அந்த இலக்கங்களில் இளைஞர்கள் நிலவைக் கண்டார்கள்.

ஏட்டின் எல்லை

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குறிப்பேடு ஒருபோதும் ‘இது தவறு’ என்று சொல்லாது. படிமுறையில் பிழை இருந்தால் அதைக் காண ஆசிரியரின் கண் வேண்டும். ஒரு கோடைப் பயிற்சியோடு வந்த ஆசிரியர், நாற்பது குறிப்பேடுகளில் நாற்பது விதமாக எழுதப்பட்ட நிரல்களை எப்படி ஓட்டிப் பார்ப்பார்? அவர் தளர்ந்தால், மாணவர்கள் புத்தகத்து நிரலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். பாப்பர்ட் சொன்ன அந்தப் புதிர்ச்சுவை, தானே எழுதித் தானே பிழை கண்டு தானே திருத்தும் மகிழ்ச்சி, அங்கே கிடைக்காது. பொறி கோபிக்காது, கேலி செய்யாது, ஆயிரம் முறை கேட்டாலும் அலுக்காது. இந்தப் பொறுமையைத் தாளிடம் எதிர்பார்க்க முடியாது.

எர்ஷோவும் இதை அறிந்தவர்தாம். பொறியில்லாப் பாடம் ஒரு தொடக்கமே; பொறிகள் வந்து சேர வேண்டும் என்பதே திட்டம். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவினர், தாளில் இருந்த அந்தப் படிமுறை மொழியை உண்மையான கணிப்பொறிகளில் ஓடச் செய்தார்கள். பிறகு அது ‘குமிர்’ என்ற பெயரில் வளர்ந்து, ருஷ்யப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன்பட்டது. எர்ஷோவ் 1988 டிசம்பரில், 57 வயதில் மறைந்தார். மூன்று ஆண்டுகளில் சோவியத் யூனியனும் மறைந்தது. ஏட்டில் பிறந்த மொழி நிலைத்தது.

பொறி இருந்தும் பாடம் போன கதை

இதற்கு நேர் எதிரான கதை பிரிட்டனில் நடந்தது. அங்கே பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனம் மக்களுக்குக் கணிப்பொறி அறிவைப் பரப்ப ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அதற்கென ஏக்கார்ன் நிறுவனம் செய்த ‘பி.பி.சி. மைக்ரோ’ 1981 டிசம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதமே தொலைக்காட்சியில் பாடத் தொடர் தொடங்கியது. பள்ளிகள் கணிப்பொறி வாங்க அரசு பாதி விலை கொடுத்தது. பொறியைப் போட்டவுடன் பேசிக் மொழி ‘என்ன செய்யட்டும்?’ என்பதுபோல் காத்து நிற்கும். பதினைந்து லட்சம் பொறிகள் விற்பனையாயின. ஒரு தலைமுறையே நிரல் எழுதக் கற்றது.

பிறகு நடந்ததுதான் விந்தை. இன்னும் விரைவான, இன்னும் அழகிய கணிப்பொறிகள் வந்தன. அவற்றில் எல்லா நிரல்களும் ஆயத்தமாகவே கிடைத்தன. வகுப்பில் கடிதம் தட்டவும் அட்டவணை போடவும் கற்றுக் கொடுத்தார்கள். நிரல் எழுதும் பாடம் மெல்ல மெல்ல மறைந்தது. 2012 ஜனவரியில் அந்நாட்டின் ராயல் சொசைட்டி இந்த நிலையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் ஐந்து வயதிலிருந்தே கணிப்பொறி அறிவியல் கற்பிக்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏறிய படியை மறுபடியும் முதலிலிருந்து ஏற வேண்டியதாயிற்று!

ஒரு நாட்டில் பொறி இல்லை; பாடம் இருந்தது. மற்றொரு நாட்டில் பொறி நிறைந்தது; பாடம் போயிற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். சட்டி இருப்பதால் மட்டும் சமையல் வந்துவிடாது.

நம் நாட்டில்

இந்தியாவில் 1984-85-இல் ‘கிளாஸ்’ என்ற சோதனைத் திட்டம் 250 பள்ளிகளில் தொடங்கியது. நாம் தேர்ந்ததும் அதே பி.பி.சி. மைக்ரோதான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், காலணியைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறைகளில் இருந்த பழங்காலப் பள்ளிக் கணிப்பொறிகள் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு பொறியைச் சுற்றிப் பலர். தொட்டுப் பார்த்தவர் சிலர். அதிலும் தமிழ்வழி மாணவருக்கு இரட்டைச் சுமை. நிரலின் தருக்கத்தையும் கற்க வேண்டும். அது எழுதப்பட்ட ஆங்கிலச் சொற்களையும் கற்க வேண்டும். தருக்கத்தில் தவறாதவரும் எழுத்துக்கூட்டலில் தவறி, ‘எனக்குக் கணிப்பொறி வராது’ என்று ஒதுங்கிவிடுவது உண்டு.

அந்த முடிவு தவறானது என்பதற்கு ருஷ்யக் குறிப்பேடுகளே சான்று. தமிழிலும் ‘எழில்’ என்ற நிரல்மொழி ஆக்கப்பட்டிருக்கிறது. அதன் கட்டளைச் சொற்கள் தமிழில் இருக்கின்றன. யாரும் விலையின்றிப் பெறலாம். தொழிலுக்குப் போகும்போது மற்ற மொழிகளும் வேண்டியிருக்கும், ஐயமில்லை. ஆனால் கூட்டல் கற்ற குழந்தைக்கு எந்த மொழி எண்களும் விரைவில் பழகிவிடுவது போல, ‘எனில்’ என்பதைப் புரிந்துகொண்டவருக்கு அதன் ஆங்கிலச் சொல் ஒரு நாள் பாடம்தான்.

நியூசிலாந்தில் டிம் பெல் முதலிய பேராசிரியர்கள் 1990-களில் கணிப்பொறியே இல்லாமல் கணிப்பொறி அறிவியலைக் கற்பிக்கும் விளையாட்டுகளை வகுத்தார்கள். 1, 2, 4, 8, 16 புள்ளிகள் இட்ட ஐந்து அட்டைகளைக் கொடுத்து, 31 வரையுள்ள எந்த எண்ணையும் இரும முறையில் காட்டச் சொல்வது அவற்றுள் ஒன்று. 13 வேண்டுமா? 8, 4, 1 அட்டைகளைத் திறந்து மற்றவற்றை மூடுங்கள். பொறிகள் மலிந்த இந்நாளிலும் பல நாட்டு வகுப்பறைகளில் இந்த விளையாட்டுகள் நடக்கின்றன.

ஆகவே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்ற கேள்விக்கு விடை இதுதான். ஏட்டில் சுரைக்காயை நட முடியாது. ஆனால் எந்தப் பருவத்தில், எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில் விதைப்பது என்று ஏட்டிலேயே கணக்கிட்டு வைத்தவன், விதை கையில் கிடைத்த அன்றே தோட்டத்தில் இறங்கிவிடுவான். உங்கள் பள்ளியில் கணிப்பொறி இல்லையென்றால் அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் அது வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வகுப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியைக் கட்டளைகளாக எழுதுங்கள். இத்தனை அடி நட, இந்தப் பக்கம் திரும்பு, படி வந்தால் காலைத் தூக்கு என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். ஒரு நண்பரின் கண்ணைக் கட்டி, எழுதியதை மட்டும் வாசியுங்கள். அவர் சுவரில் முட்டிக்கொண்டால் (நீங்கள் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள்!) நண்பரைக் கடிந்துகொள்ளாதீர்கள். தாளை எடுங்கள். எந்த வரியில் பிழை என்று தேடுங்கள். அதைக் கண்டுபிடித்துத் திருத்திய கணத்தில் நீங்கள் நிரல் எழுதத் தொடங்கிவிட்டீர்கள்.